சோதனை ஓட்டு ஐம்பது

அக்கா பதினாறு ஓட்டு வித்தியாசத்தில் நகரசபைக்கு ஜெயித்துவிட்டாள் என்று பலகையில் எழுதியதும், அந்தப் பள்ளிக்கூட அரங்கமே அதிர விசிலடித்தேன். விசில் அடங்கவில்லை, எண்ணிக்கை அதிகாரியம்மா கையைத் தூக்கிவிட்டார். நூலகச் சாவடி மெஷினில், வந்து ஓட்டுப் போட்டவர்களைவிட ஐம்பது ஓட்டு கூடுதலாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காலையில் சாவடிக் கதவைத் திறக்குமுன், மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐம்பது சோதனை ஓட்டுப் போடுவார்கள். அதை அழித்த பிறகுதான் நிஜ ஓட்டு. சாவடி அதிகாரி மொத்தம் ஐம்பது என்று மட்டும் பார்த்துவிட்டு, அழிக்க மறந்திருக்கிறார். இப்போது மூலையில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். காகிதம் அச்சடிக்காத பழைய மெஷின் வேறு. சோதனையும் நிஜமும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

பட்டனை அமுக்கியது யார் என்று அதிகாரியம்மா கேட்டார். எதிர்த்து நின்ற பேக்கரிக்காரரின் ஏஜெண்டு அன்று தூங்கிவிட்டுத் தாமதமாக வந்த மகராசன். ஐம்பதையும் அமுக்கியது அக்காவுக்கு ஏஜெண்டாக உட்கார்ந்த அவள் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், கணக்கு வாத்தியார்.

இரண்டு வேட்பாளரும் சம்மதித்தால் அமுக்கியவர் சொல்லும் கணக்குப்படி சோதனை ஓட்டைக் கழித்துவிட்டு அறிவிக்கலாம், இல்லையென்றால் அங்கே மறுபடி ஓட்டுப்பதிவு என்றார் அதிகாரியம்மா. தெருத்தெருவாக மெஷினை நம்பாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவர் பேக்கரிக்காரர். இப்போது ஆடித் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"மெஷினைத்தான் நம்பமாட்டேன். வாத்தியார் சொன்னா எனக்குச் சரி," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவும் தலையாட்டிவிட்டாள். ஆளுக்குப் பாதி என்று அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி எங்கள் வீட்டில். நான் கண்ஜாடை காட்டினேன், இருமினேன், வெட்கமில்லாமல் அவர் காலைக்கூட மிதித்தேன்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு பேக்கரிக்காரரைப் பார்த்தார்.

"நாப்பது இவளுக்கு. பத்து உங்களுக்கு."

பதினாறில் ஜெயித்தவள் பதினாலில் தோற்றுப்போனாள். பேக்கரிக்காரரே ஜெயித்த சந்தோஷம் இல்லாமல் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மனுஷனை, அத்தானைத்தான், ஓங்கி ஒரு அறை விடலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். படியில் நின்றுதான் கேட்டாள்.

"சோதனைக்கு எதுக்குங்க நாப்பது?"

"அமுக்கினா உன் பேருக்குப் பக்கத்துல விளக்கு எரிஞ்சுச்சு. பாக்க ஆசையா இருந்துச்சு. அமுக்கிட்டே இருந்துட்டேன்."



"அப்போ நான் ஜெயிக்கவே இல்ல. பலகையில இருந்ததெல்லாம் உங்க கட்டைவிரல்தான்," என்றாள். சொல்லிவிட்டு அவர் தோளிலேயே சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

அறையப் போனவன் நான். வண்டி எடுக்கப் போனேன். அவர்கள் இருவரும் வரட்டும் என்று பின்கதவைத் திறந்து வைத்தேன்.