வேலிப் பாட்டின் இரண்டு இசைத்தட்டுகள்

ஒரு மணிக்கு நம்ம ஊர்ப் பெண்ணின் பாட்டு வரப்போகிறது என்று வானொலிக்காரன் காலையிலிருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தான். லூவீனியாவின் அழகு நிலையத்தில் உட்கார இடமில்லை. தலையை நேற்றுத்தான் சீவி முடித்தவள்கூட இன்றைக்கும் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். பொரித்த மீனை ரொட்டிக்குள் வைத்துப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார்கள். நடு நாற்காலியில் எர்னஸ்டீன் பாய்கின் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் லூவீனியா அவளுடைய சுருட்டை முடியை நீட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"அசையாதடி. காது வெந்துடும். அப்புறம் உன் பாட்ட நீயே கேக்க முடியாது."

"கை நடுங்குதுக்கா."

"உன் கைதான? என் கை நடுங்காம இருந்தாப் போதும்."

எர்னஸ்டீன் பன்னிரண்டு வருஷமாகப் பாடுகிறாள். ஆனால் அவள் பெயர் ஒரு இசைத்தட்டிலும் வந்ததில்லை. ஆற்றங்கரை ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுத்தவர்கள் முன்னால் நின்று பாட, பின்னால் நின்று 'ஊ' என்றும் 'ஆ' என்றும் போடுவது அவள் வேலை. மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் அவரைக்காய் வேகவைப்பாள். இந்த ஒரு தடவைதான் முன்னால் நின்றாள். எதிரே நின்று பாடியவன் ஹாலிஸ் கேகிள், வெள்ளைக்காரன். அலபாமாவில், 1969-இல், ஒரு கறுப்புப் பெண்ணும் ஒரு வெள்ளை ஆணும் சேர்ந்து ஒரு பாட்டு. அதுவும் எதைப் பற்றி? இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு வேலி. இவள் இந்தப் பக்கமிருந்து கேட்கிறாள், அவன் அந்தப் பக்கமிருந்து பதில் சொல்கிறான். கடைசிச் சரணத்தில் இரண்டு பேரும் ஒன்றாக, 'கதவு எங்கே சொல்லு, நானே வந்து திறக்கிறேன்' என்கிறார்கள். இருவரும் கூடத்தின் பின்படியில் உட்கார்ந்து எழுதிய பாட்டு. மெட்டை அவள் தேவாலயத்திலிருந்து எடுத்தாள், வார்த்தையில் பாதி அவனுடையது.

ஒரு மணி அடித்தது. ஆர்கன் வாசிப்பு வந்தது. பிறகு எர்னஸ்டீனின் குரல் வந்தது.

கடை முழுக்க ஒரே கூச்சல். ஒருத்தி மீன் ரொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள். எர்னஸ்டீன் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் குரல்தான், சந்தேகமே இல்லை. முதல் கேள்வி முடிந்தது. இனி ஹாலிஸ் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் மூக்கால் பாடுகிற அந்த மலைநாட்டுக் குரலுக்காக அவள் காத்திருந்தாள்.

வந்தது வேறு குரல்.

கனத்த குரல், அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். ஏதோ ஒரு தேவாலயத்தில் நின்று வளர்ந்த கறுப்பு ஆணின் குரல். ஹாலிஸ் எழுதிய வார்த்தைகளை அவன் பாடினான், அவள் நிறுத்திய இடத்திலிருந்து எடுத்தான், அவளோடு சேர்ந்து ஏறினான், இறங்கினான். அவனை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. யாரோ ஒருவன் தன் வீட்டுக்குள் நுழைந்து, தன் மேஜையில் உட்கார்ந்து, தன்னோடு பேசிக்கொண்டே சாப்பிடுவதைப் போல இருந்தது அவளுக்கு.

"யாருடி இந்த ஆம்பள? குரலே இப்படின்னா ஆளு எப்படி இருப்பான்!"

"வெள்ளக்காரப் பயலோட பாடினேன்னு சொன்னியேடி? எங்க காதுலயே பூ சுத்திட்டியே!"

"நல்லவேள போ. அவனோட பாடியிருந்தா கல்லடியில உன் வீட்டு ஜன்னல் ஒண்ணாவது மிஞ்சுமா?"

பாட்டு முடிந்ததும் வானொலிக்காரன் பெயர்களைச் சொன்னான். எர்னஸ்டீன் பாய்கின், ஜூனியஸ் பெல்.

"ஜூனியஸ் பெல்னா யாரு?" என்று எர்னஸ்டீன் கேட்டாள்.

கடையே வயிறு குலுங்கச் சிரித்தது. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். முடியில் ஒரு பாதி நீண்டு தோளில் கிடந்தது, மறுபாதி சுருண்டு நின்றது.

"ஏய், பாதித் தலையோட எங்கடி போற?" என்று லூவீனியா சீப்பைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். எர்னஸ்டீன் காதில் விழவில்லை. கார் சாவியைத் தேடி எடுத்ததுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளி பிக்கர்ட் வாசலில் உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலையைக் கோக் பாட்டிலுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். எர்னஸ்டீனின் தலையைப் பார்த்தார்.

"கேட்டியா? நல்லா வந்திருக்குல்ல?"

"அது யாருங்க, என்னோட பாடுறது?"

"ஜூனியஸா? மெம்ஃபிஸ் பையன். ஒரே மத்தியானத்துல பாடிட்டுப் போயிட்டான். தங்கமான பையன்."

"ஹாலிஸ் பாடினது எங்கங்க?"

பிக்கர்ட் பெருமூச்சு விட்டார். உள்ளே கூட்டிப்போய் ஒரு தட்டை எடுத்துச் சுழலவிட்டார். அதே ஆர்கன். அதே தாளம். பாடியது ஒரு பெண். எர்னஸ்டீன் பாட வேண்டிய இடத்தில் எல்லாம் இன்னொருத்தி பாடினாள். வெள்ளைக்காரப் பெண், இருபது வயசுகூட இருக்காது. அவளுக்குப் பதில் சொன்னது ஹாலிஸ். சாட்சாத் ஹாலிஸ்.

எர்னஸ்டீன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இப்படியும் செய்வார்களா? வேலியைத் திற என்று பாடிய பாட்டை வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று அறுத்து விற்பார்களா? திருடியிருந்தாலும் பரவாயில்லை, திருட்டு என்று சொல்லிவிடலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"பர்மிங்ஹாம்ல தட்டு வாங்கி விக்கிறவன் கேட்டுட்டு ஒரே வார்த்த சொன்னான்" என்றார் பிக்கர்ட். "எந்தக் கடையும் வைக்காது, எந்த வானொலியும் போடாது. உங்காளு வானொலியும் போடாது, எங்காளு வானொலியும் போடாது."

"அது காதல் பாட்டு இல்லீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பேசிக்கிறது."

"ஒரு ஆம்பளயும் ஒரு பொம்பளயும் சேந்து பாடினா ஜனங்க காதுல அது காதல்தான். இப்பப் பாரு, ரெண்டு பக்கமும் போடுறான். உன் குரலும் கேக்குது, உன் பேரும் வருது. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"நாங்க ரெண்டு பேரும் பாடின ஒலிநாடா?"

"இருந்தது ரெண்டே பிரதி, அதுமேலதான் இவங்கள ஏத்தினேன். ஒரு பிரதியில அவன அழிச்சிட்டு ஜூனியஸ். இன்னொண்ணுல உன்ன அழிச்சிட்டு டார்லா."

"மொத நாள் எடுத்தது?"

பிக்கர்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீதான வேண்டாம்னு சொன்ன?"

உண்மை. முதல் நாள் அவளும் ஹாலிஸும் ஒரே மைக்கின் முன்னால் முகத்துக்கு முகம் நின்றுதான் பாடினார்கள். அந்தக் கூடத்தில் ஜோடிப் பாட்டை அப்படித்தான் எடுப்பது வழக்கம். இரண்டு குரலும் கலந்து நாடாவில் ஒரே கோட்டில் பதிந்துவிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. ஆனால் கடைசிச் சரணத்தில் எர்னஸ்டீனின் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அதுதான் அழகு, விட்டுவிடு என்று ஹாலிஸ் கெஞ்சினான். அவள் கேட்டாளா? 'என் பேரு போட்டு வர்ற மொதத் தட்டு, அதுல ஓட்டக் குரலா?' என்று பிடிவாதம் பிடித்தாள். அப்படியானால் ஆளுக்கொரு அறையில் நின்று தனித்தனியாகப் பாடுங்கள், யாருக்குப் பிசகினாலும் அவர் பங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார் பிக்கர்ட். பாடினார்கள். சுத்தமாக வந்தது. நாடா விலை அதிகம் என்று முதல் நாள் பதிவின் மேலேயே வேறு யாருடைய பாட்டையோ ஏற்றிவிட்டார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை எர்னஸ்டீன் குரல் பிசகாமல் செய்திருந்தாள்.

ஆக, அந்தப் பாட்டு உலகத்தில் எங்குமே இல்லை. அவள் அதை முழுசாக ஒரு தடவைகூடப் பாடும் அறைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டதில்லை.

தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. கடைசிச் சரணம் வந்தது. 'கதவு' என்கிற சொல்லுக்கு முன்னால் அந்த டார்லா ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுத்து, அரை நொடி தயங்கி, பிறகு பாடினாள். எர்னஸ்டீன் தட்டின் பக்கம் குனிந்தாள். அது அவளுடைய மூச்சு. யாரும் எழுதிவைக்காதது, அவள் நெஞ்சில் மட்டும் இருப்பது.

"இத இந்தப் பொண்ணுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"பாவம், அவளுக்கு வரவேயில்ல" என்றார் பிக்கர்ட், பாட்டிலைக் குலுக்கியபடி. "ஹாலிஸ்தான் கூட உக்காந்து வரிவரியா சொல்லிக் குடுத்தான்."

ஹாலிஸ் சனிக்கிழமைகளில் தன் மாமனாரின் தீவனக் கடையில் மூட்டை தூக்குவான்; அன்றும் சனிக்கிழமை. கூடத்துக்குள் அவர்கள் இருவரும் நீ, நான்தான்; அவளை அவன் டீன் என்பான். வாசற்படியைத் தாண்டினால் அவன் மிஸ்டர் கேகிள், அவள் வெறும் எர்னஸ்டீன். அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கடையின் பின்பக்கம் போய் நின்று, "மிஸ்டர் கேகிள்" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி ஆனான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தன் பழைய டிரக்கின் கதவைத் திறந்தான்.

"உள்ள ஏறு டீன். கண்ணாடிய ஏத்திக்க."

ஆகஸ்ட் வெயிலில் இரண்டு பக்கக் கண்ணாடியும் ஏறின. உள்ளே அடுப்பாய் இருந்தது.

"என் மூச்ச எடுத்து அவளுக்குக் குடுத்திருக்க" என்றாள் எர்னஸ்டீன்.

"நான் மாட்டேன்னா வேற எவனாவது சொல்லிக் குடுப்பான். பாட்டு நாசமாப் போயிருக்கும் டீன்."

"இப்ப என்ன, பொழச்சிருச்சா?"

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "என் பொண்டாட்டி மாசமா இருக்கா. மாமனாரு கடையில நிக்கிறேன். மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? நீயே சொல்லு."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தெனமும் சொல்லணும்னுதான் நெனச்சேன்."

அவன் அழுதான். எர்னஸ்டீனுக்கு அவனை அறையவும் தோன்றியது, தலையைத் தடவிக்கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. திட்டுவதற்காகத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"பாடு."

"என்ன?"

"நம்ம பாட்ட. இங்கயே பாடு. அது இப்ப எங்கயும் இல்ல ஹாலிஸ், நம்ம ரெண்டு பேரு தொண்டையிலதான் இருக்கு. ஒரே ஒரு தடவ நான் கேக்கணும்."

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் விரலால் டிரக்கின் தகட்டில் தாளம் தட்டி முதல் கேள்வியைக் கேட்டாள். அவன் மூக்கால் பதில் சொன்னான். முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. இரண்டாம் சரணத்தில் குரல் திறந்துகொண்டது. ஆர்கன் இல்லை, டிரம் இல்லை, வியர்வை கண்ணில் வழிகிறது, ஆனால் எர்னஸ்டீனுக்கு இத்தனை சந்தோஷம் கூடத்தில்கூட வந்ததில்லை. இதுதான் பாட்டு. இவ்வளவு நல்ல பாட்டா இது! இவ்வளவு நல்ல பாட்டையா எழுதினோம்! கடைசிச் சரணம் தொடங்கியது. அவள் குரல் அதே இடத்தில் உடைந்தது. இந்தத் தடவை அவள் வெட்கப்படவில்லை. இத்தனை நன்றாக இருக்கிற ஒன்றை இந்த அடுப்புக்குள் பூட்டி வைப்பானேன் என்று தோன்றியது. பாடிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள்.

காற்று உள்ளே வந்தது. தீவன வாசனை வந்தது. பக்கத்து வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்கார விவசாயிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹாலிஸின் குரல் நின்றது. 'நானே வந்து' வரைக்கும் வந்த சொல் அங்கேயே நின்றது. அவன் எர்னஸ்டீனைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, அந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி, உரத்த குரலில் பேசினான்.

"கோழித் தீவனம் திங்கக்கெழமதான் வரும். அப்ப யாரயாவது அனுப்பு."

எர்னஸ்டீன் வீட்டில் கோழி கிடையாது. அவனுக்கும் அது தெரியும்.

"சரிங்க மிஸ்டர் கேகிள்" என்றது ஒரு குரல். "திங்கக்கெழம அனுப்புறேங்க."

பணிவான குரல். ஒரு பிசகு இல்லை, ஒரு உடைசல் இல்லை. அந்த விவசாயிகள் திருப்தியாக மூட்டைப் பக்கம் திரும்பினார்கள். எர்னஸ்டீன் கதவைத் திறந்து இறங்கி, நாலு எட்டு நடந்த பிறகுதான், பேசியது தன் வாய் என்று அவளுக்கு உறைத்தது.