றோசலின் வீட்டு ஞாயிற்றுக்கிழமை

1976ஆம் ஆண்டு ஆனி மாதம் தொடங்கி ஆறு வருடங்களுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் றோசலினின் ஒற்றை அறை லயத்துக் காம்பராவுக்குள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இருந்தது. வாசலுக்கு வெளியே செவ்வாய், புதன் என்று கிழமைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. அது தொடங்கிய அன்று லிந்துலைக் கடைகளில் கோதுமை மா விலை ஏறியிருந்தது. தோட்டத்தில் எல்லோரும் பேசியது மா விலையைப் பற்றித்தான்.

இதற்குக் காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 1966இல் அரசாங்கம் ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, நிலவைப் பார்த்து வரும் பௌத்தர்களின் போயா நாளை லீவாக்கியது. ஐந்து வருடம் கழித்து, இது சரிவராது என்று ஞாயிறு லீவைத் திரும்பக் கொண்டுவந்தது. இடையில் போன ஞாயிறுகள் என்னவாயின என்று ஒரு பெரிய மனிதனும் கேட்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களுக்கு மாலை வாங்கவே நேரம் போதவில்லை. பங்குச் சாமியார் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறி வந்து, மணியடித்து, மாதாகோயிலின் ஆளில்லாத வாங்குகளுக்குப் பூசை வைத்துவிட்டு, தோட்டத்துச் சனங்களுக்கு விசுவாசம் குறைந்துபோயிற்று என்று வருத்தப்பட்டுக்கொண்டு இறங்கிப் போனார். விசுவாசம் உள்ள சனமெல்லாம் அந்த மணிச்சத்தத்தைக் கேட்டபடி மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தது. றோசலினும் அவர்களில் ஒருத்தி. அவள் வயதாகி வேலையை விட்டு நின்ற மறுமாதமே, தொலைந்த ஞாயிறுகள் ஒவ்வொன்றாக அவள் வீட்டுக்கு வரத் தொடங்கின. "அதுகளுக்கும் போக்கிடம் இல்ல போல" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தே வைத்தாள்.

வந்த ஞாயிறு எட்டு நாளோ பத்து நாளோ தங்கும், பிறகு அடுத்தது வரும். வரிசை எல்லாம் கிடையாது. ஆடி மழை கொட்டும்போது குருத்தோலை ஞாயிறு வந்து, நிலைப்படியில் பச்சை ஓலை தொங்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மார்கழிக் குளிர் இருக்கும். ஓய்வு நாள் என்பதால் காம்பராவுக்குள் அரிவாள்மணை பூசணிக்காயில் இறங்காது, ஊசி துணியில் ஏறாது. சோறு மட்டும் வெந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் பசிக்குமே. பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு நெற்றியில் திருநீற்றோடு வந்து, கொழுந்துக்கூடை சுமந்த முதுகை ஒரு மணிநேரம் அங்கே சாய்த்துவிட்டுப் போவாள். அவளைப் பார்த்து வேறு பத்துப் பேரும் வந்தார்கள். விஷயம் சாமியார் காதுக்கு எட்டியது. அவர் வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு உரியது, அதைத் தனியார் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். "அப்படின்னா நீங்களே கையோட கூட்டிட்டுப் போயிருங்க சாமி" என்றாள் றோசலின். அவர் ஜீப்பைப் பார்த்தார். பிறகு அதில் ஏறிப் போய்விட்டார்.

சனம் நினைத்ததுபோல அவள் அங்கே இளைப்பாறிக்கொண்டிருக்கவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். 1969 மார்கழி, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நாலு நாள் முந்திய ஞாயிறு. அன்று காலையில் அவள் புருஷன் சூசைரட்ணம் நெஞ்சுச்சளியோடு பாயில் கிடந்தார். வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் அவள் லீவு கேட்டாள். நாளை மறுநாள் போயாதானே, அன்றைக்குப் பக்கத்தில் இருந்துகொள் என்றார் கங்காணி. அந்தப் பேச்சை நம்பி, "செவ்வாக்கிழம முழுக்க உங்க கூடவே இருக்கேன்" என்று புருஷனிடமும் சொல்லிவிட்டு மலைக்குப் போனாள். லீவு நாள் பார்த்து எந்த நோயாளி சாவான்? அவள் கூடையோடு திரும்பியபோது சூசைரட்ணத்தின் வாயை யாரோ துணியால் கட்டியிருந்தார்கள். கங்காணியை அவள் மன்னித்துவிட்டாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அப்படித்தான் சொன்னாள். நம்பிப் போன தன்னை மட்டும் அவள் மன்னிக்கவே இல்லை.

மற்ற ஞாயிறுகளில் அவர் சாகும்வரை இருவருமே மலையில் நின்றவர்கள், பிறகு அவரே இல்லை என்பதால், அவை வரும்போது காம்பரா வெறுமையாகவே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஞாயிறு போய் அடுத்தது வரும்போது றோசலின் எழுந்து பாய் கிடந்த மூலையைப் பார்ப்பாள். ஆறு வருடம் பார்த்தாள்.

தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி 1982இல் இந்தியாக் கடவுச்சீட்டு வந்தது. ராகலையில் புடவைக்கடையில் நின்ற மகன் அலோசியஸுக்கு வருடத்தில் ஒருநாள், நத்தாருக்கு மட்டும், அம்மா ஞாபகம் வரும். அரை இறாத்தல் கேக்கோடு வந்து, கால் இறாத்தலைத் தானே தின்றுவிட்டுப் போவான். அவன்தான் அவளைக் கேட்காமலே அவள் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தான். வருகிற வியாழக்கிழமை ரயில். தலைமன்னார் போய்க் கப்பல்.

"நான் வரல" என்றாள்.

"இங்க என்னம்மா இருக்கு?"

"உங்கப்பா வரணும்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனான். காம்பராவைக் காலி செய்யும் கடிதத்தோடு பெரிய கிளாக்கர் சோமசுந்தரம் வந்தார். சட்டம் பேசுவதில் அவர் கெட்டிக்காரர். வாசலில் நின்று சட்டம் பேசினார், பேசியபடியே உள்ளே கால் வைத்தார், சப்பாத்தைக் கழற்றினார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். வெளியே வந்த பிறகுதான் கடிதம் பையிலேயே இருப்பது தெரிந்தது. மூன்று தடவை இப்படி நடந்தது. நாலாவது தடவை வீட்டிலிருந்து வடையும் கொண்டுவந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை உள்ளே மார்கழிக் குளிர் இறங்கியது. மூலையில் யாரோ இருமினார்கள்.

"பெரட்டுக்குப் போகலியா புள்ள?" என்றார் சூசைரட்ணம்.

"போகல."

"பேர வெட்டிருவாங்களே."

"வெட்டித் தொலைக்கட்டும்."

சொல்லிவிட்டு அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆறு வருடமாக என்னென்னவோ பேச நினைத்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் தேத்தண்ணியைக் குடித்துப் பார்த்து முகம் சுளித்தார். "நல்ல கொழுந்தெல்லாம் நம்ம எடுத்துக் குடுக்குறோம், நமக்கு இந்தத் தூசி." பதின்மூன்று வருடம் கழித்து வந்த மனுஷன் குறை சொல்வதைப் பார் என்று அவளுக்குக் கோபம் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மல்லித்தண்ணி வைத்துக் கொடுத்தாள், நெஞ்சில் தைலம் தேய்த்தாள், செபமாலை சொல்லும்போது அவர் தூங்கிப்போனதற்குத் திட்டினாள்.

வெளியே வியாழன் வந்தது. அலோசியஸ் தகரப்பெட்டியோடு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அப்பாவா?"

"பின்ன யாரு? உள்ள வாடா."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்றான். அப்பனைப் பார்க்க ஐந்து நிமிஷம் இல்லாத அந்த மகராசன், தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் தாமதமாகி இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அந்த ஞாயிறு ஒன்பது நாள் இருந்தது. கடைசியில் சாயங்கால மணி அடிக்கும்போது சூசைரட்ணம் அவள் கையைப் பிடித்தபடி இறந்தார். வாயை அவளே கட்டினாள். பிறகு காம்பராவுக்குள் வியாழக்கிழமை வந்தது. உடம்பு அங்கேயே இருந்தது.

மறுநாள் அவள் சவப்பெட்டிக்குப் பலகை கேட்டு ஆபீசுக்குப் போனாள். சோமசுந்தரம் பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிப் புரட்டினார்.

"இங்க பாரும்மா, இவரு அறுபத்தொம்பதுலயே செத்துட்டாரு. பலகையும் குடுத்தாச்சு. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ குடுக்கச் சட்டத்துல இடமில்ல."

"முன்ன செத்தப்ப நான் பக்கத்துல இல்லீங்க" என்றாள் றோசலின்.

சோமசுந்தரம் பதிவேட்டை மூடினார். பிறகு ஆறு பலகைக்கும் ஒரு இறாத்தல் ஆணிக்கும் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்.