இன்னும் ஒரு கட்டிலுக்கு இடம்

தேவாரம் ஊரில் கர்ணன் வீட்டு ஆட்டுக்கொட்டகையில் ஆடி மாதம் இரண்டாம் வாரத்திலிருந்து நாலு யானைகள் குடியிருந்தன. கொட்டகையின் அகலம் ஆறடி, நீளம் எட்டடி, வாசல் கர்ணனின் நெஞ்சு உயரம். முன்பே கட்டியிருந்த இரண்டு ஆடுகளும் உள்ளேதான் இருந்தன. அவற்றுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. தேங்காய் விலை ஏறிய மாதம் அது என்பதால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கர்ணன் தென்னை ஏறுகிறவன். மகள் நாகஜோதியைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்த கையோடு, மருமகன் வந்தால் தங்க ஒரு அறை வேண்டுமென்று வீட்டை ஒட்டி அஸ்திவாரம் போட்டான். சுவர் முழங்கால் உயரம் வந்தபோது மரத்திலிருந்து விழுந்து தொடை முறிந்தது. சுவரும் அத்தோடு நின்றது. இருந்தது ஒரே அறை. அதில் பாதியை அவன் கட்டில் அடைத்துக்கொண்டது. மாமியார் முன்னால் மருமகன் கால் நீட்டி உட்காரக்கூட வழியில்லாத வீட்டில் எங்கே படுப்பது? வினோத்ராஜ் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காலையில் வருவான், சாப்பிடுவான், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய்ப் பொழுதைப் போக்குவான், ஏழு மணிக் கடைசி பஸ்ஸில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கர்ணனுக்கு அதுதான் இன்னும் வலித்தது.

எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவனுக்குப் பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். மிருகக்காட்சிசாலை கட்டுகிற விளையாட்டு. இந்த மிருகத்துக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு பெரிய கூரை என்று அது அளவு சொல்லும்; அதன்படி கட்டிக்கொடுக்க வேண்டும். அளவுகளைப் பார்த்ததும் கர்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு முள்ளம்பன்றிக்கு இரண்டு ஏக்கர் கேட்டது. ஒரு சென்ட் குறைந்தாலும் அதன் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. நாலு யானைகளுக்கோ ஆறுக்கு எட்டில் ஒரு குடிசை போதுமாம். வரிசையாக உள்ளே போயின, பச்சை விளக்கு எரிந்தது.

“எந்தக் கிறுக்குப் பய போட்ட அளவுலே இது? யானையக் கண்ணால பாத்திருப்பானா?” என்றான் ஒச்சாண்டியிடம். விளையாட்டுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, யானை இறங்கி வந்து வாழை தின்கிற ஊரிலிருந்து எழுதுவதாகத் தமிழில் நாலு வரி எழுதினான். பதில் இல்லை. ஊன்றுகோலோடு எழுந்த முதல் வாரமே, பார்த்துவிடலாம் என்று, முழங்கால் சுவருக்குள் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டு அதே அளவில் கொட்டகை கட்டினான். மனைவி சுப்புத்தாய் ஆடு இரண்டையும் உள்ளே கட்டியதும் கொட்டகை நிறைந்துபோயிற்று. அதைப் போட்டோ எடுத்து விளையாட்டுக் கம்பெனிக்கு அனுப்பினான்.

பத்தாம் நாள் விடியற்காலையில் யானைகள் வந்தன. வாழையைத் தொடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, குனியக்கூடச் செய்யாமல், கொட்டகைக்குள் போயின. வனக்காவலர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, நாலு என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். ஒரு முள்ளம்பன்றியும் வந்தது. அதற்குக் கொட்டகை பிடிக்கவில்லை. ஒச்சாண்டியின் இரண்டு ஏக்கர் நிலக்கடலைக்குள் போய், நடுவிலிருந்த வேலியை அவன் பிடுங்கிப் போடும்வரை முள்ளைச் சிலிர்த்துக்கொண்டே நின்றது. ஒச்சாண்டி ஒரு வாரம் கர்ணனோடு பேசவில்லை.

ஆவணியில் நாகஜோதிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வளைகாப்பு முடிந்ததும் சம்பந்தி செல்வமணி சுப்புத்தாயைத் தனியே கூப்பிட்டாள்.

“தப்பா எடுத்துக்கிறாதீக மதினி. அங்கன எங்கன படுப்பா, பச்சப்பிள்ளையோட? இங்கனயே இருக்கட்டும்.”

சுப்புத்தாய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பெற்ற பிள்ளையைத் தலைப்பிரசவத்துக்கு அழைக்க வக்கில்லாமல் போனோமே என்று கர்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதான்.

மறுநாள் கொட்டகைக்குள் யானை லத்தி அள்ளப் போன சுப்புத்தாய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். “இங்கேருங்க, உள்ள ஒரு கட்டில் போடலாம்” என்றாள்.

போட்டார்கள். போட்ட பிறகும் ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது. ஒச்சாண்டி வீட்டிலிருந்து ஒன்று வாங்கி அதையும் போட்டார்கள். அதன் பிறகும் ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது.

செல்வமணி டேப்போடு வந்து வெளியே அளந்தாள். ஆறுக்கு எட்டுதான். உதட்டைப் பிதுக்கியபடி உள்ளே போனவள், சாயங்காலம் நாலு மணிக்குக் கன்னத்தில் பாய்த் தடத்தோடு வெளியே வந்தாள்.

“நல்லாக் காத்தோட்டமா இருக்கு மதினி. கொசு வருமோ?”

“யானை காத வீசுதுல்ல, அண்டாது.”

“அப்பச் சரி” என்றாள் செல்வமணி. அந்த வெள்ளிக்கிழமையே மருமகளைக் கொண்டுவந்து விட்டாள். நாகஜோதி ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பெற்று ஐந்தாம் நாள் கொட்டகைக்குத் திரும்பினாள். பிள்ளை அழுதால் யானைகள் அசைவதை நிறுத்திக்கொண்டன. கர்ணன் தன் ஒற்றை நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றினான்; முள்ளம்பன்றி விஷயத்தில் மட்டும் தன் எண்ணம் மாறவில்லை என்று கீழே எழுதினான்.

அதற்கடுத்த சனிக்கிழமை வினோத்ராஜ் வந்தான். பிள்ளையைப் பார்த்தான், சாப்பிட்டான், வழக்கம்போலச் செருப்பைத் தேடினான். டீக்கடைக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பினான். கொட்டகைக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவேயில்லை. ஏழு மணிக்குக் கடைசி பஸ் ஆரன் அடித்தது. கர்ணன் வீட்டு வாசலில் ஊன்றுகோலைப் பிடித்தபடி, மருமகன் வெளியே வருவதற்காகக் காத்து நின்றான். பஸ் போய்விட்டது. கொட்டகை வாசலில் வினோத்ராஜின் தலை மட்டும் தெரிந்தது.

“மாமா, தலகாணி ஒண்ணு இருக்குமா?”

கர்ணன் தன்னுடையதையே எடுத்துக்கொண்டு போனான். மருமகன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு இரண்டாவது கட்டிலில் காலை நன்றாக நீட்டிப் படுத்திருந்தான். அதற்கு அப்பால், யானைகளுக்கு இந்தப் பக்கம், இன்னும் ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது.