கவர் கழற்றிய முக்கால் மணி நேரம்

மாடம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மாளவிகா நீட்டிய தாளில், "போன பருவத்தில் கதிர்களுக்குக் கவர் மாட்டியதில் என் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது" என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே மாடம்மாள் பெயர். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஆரு எழுதினது இது?"

"சார்தான், அக்கா. ஒப்புப் போட்டாப் போறும், வேலை போகாதுன்னார்." மாளவிகா ஸ்ரீவராகத்திலிருந்து வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. சார் என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடும்.

ராதாபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த மாடம்மாள், இந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருடமாகத் தினக்கூலி. கலப்பின நெல்லுக்குத் தாயாக இங்கே ஒரு ரகம் உண்டு. அதன் மகரந்தம் மலடு. வேறு நெல்லின் மகரந்தம் விழுந்தால்தான் விதை பிடிக்கும். அந்த விதையில் முளைக்கும் பிள்ளைப் பயிரும் மலடாகப் போனால் விவசாயிக்குப் பதர்தான் மிச்சம். ஆகவே மலட்டை நீக்கும் மரபணு உள்ள தகப்பன் நெல் வேண்டும். பிள்ளைப் பயிரின் கதிரைப் பூக்கும் முன்பே தாள் கவரால் மூடுவார்கள். உள்ளே தானாக மணி பிடித்தால் தகப்பன் தேறினான் என்று அர்த்தம்.

போன பருவத்தில் கதிருக்குப் பத்துப் பதினைந்து மணி பிடித்தது. அது போதும் நிலையத்துத் தலைவர் கல்யாணராமனுக்கு. நாட்டு நெல்லில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். மாளவிகா மகரந்தத்தில் அயோடின் விட்டுப் பார்த்தபோது நல்ல மகரந்தம்போல் அது கறுக்கவில்லை, மலடு மலடாகவே இருந்தது. "மருந்து பழசு" என்று தள்ளிவிட்டார். இந்தப் பருவம் மிச்சமிருந்த அதே விதையை விதைத்தார்கள். கவருக்குள் அத்தனையும் பதர். மேலிடம் விளக்கம் கேட்டதும் அவருக்கு மாடம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நடந்தது மாடம்மாளுக்குத் தெரியாதா? போன பருவம் பார்வையிட ஒரு குழு வந்தது. "கதிர் நன்னாத் தெரியட்டும், கவரையெல்லாம் கழட்டு" என்றார் கல்யாணராமன். காலை மணி பத்து. நெல்பூ வாய் திறக்கும் நேரம். பக்கத்துப் பாத்தியிலும் பூ. "சாரே, பூ விரியுற நேரமாக்கும்" என்று சொல்லியும் பார்த்தாள். "போட்டோவுக்குத்தானே" என்றார். முக்கால் மணி நேரம் கதிர்கள் மொட்டையாக நின்றன. காற்றில் வந்த மகரந்தம் பிடித்த மணிக்குத்தான் இந்த மனுஷர் மாலை போட்டுக்கொண்டார். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் இப்போது குழியும் பறிக்கிறது.

மாடம்மாள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: பத்து மணிக்குக் கவரைக் கழற்றச் சொன்னது சார். கழற்றியது நான். சொன்னதைக் கேட்டதுதான் என் தப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே தலைவர் அறைக்கு நடந்தாள். மாளவிகா பின்னாலேயே ஓடினாள்.

கல்யாணராமன் படித்தார். முகம் கடுத்தது. "நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"வரல்ல. ஆனா பூ நாளைக்கும் பத்து மணிக்குத்தான் விரியும், சாரே. அது உங்க சொல்லக் கேக்காது."

அவர் மாளவிகா பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதானே இருந்தே. நான் கழட்டச் சொன்னேனா?"

மாளவிகாவின் ஆய்வேடு அவர் கையெழுத்துக்காக அந்த மேஜைமேல்தான் கிடந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள்.

"சொன்னேள், சார். கவர் இல்லாத கதிரை நான்தான் போட்டோ எடுத்தேன். போன்ல இருக்கு, நேரத்தோட."

மாடம்மாளுக்குக் கோபம் ஆறுவதற்குப் பதில் இன்னும் ஏறியது.

"இத்தன நாளும் இது உன் போன்ல இருந்துதா, மோளே? அப்புறம் எந்தக் கையால அந்தத் தாள எங்கிட்ட நீட்டின?"