இடது கை தாண்டும் இடம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அண்ணி வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டு வந்தேன். முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது, ஏனென்றால் அண்ணி இதைப் படிப்பார்.

அண்ணி பியானோ டீச்சர். தன்னிடம் வரும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கைக்கு ஏற்ற மாதிரி சின்னச் சின்னதாக இசை எழுதிக் கொடுப்பார். கடையில் விற்கும் பாடப் புத்தகங்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. போதாததற்கு நாவல் வேறு எழுதுகிறார். நான் நாலு புத்தகம் போட்ட எழுத்தாளர் இல்லையா, அதைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பெரிய மனது பண்ணி வாங்கிக்கொண்டேன். படித்து முடித்ததும் நாவலை விட்டுவிட்டு, எழுதியவரைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி இரண்டு நிபந்தனை போட்டார். யார் பெயரும் வரக் கூடாது. இசை இதயத்திலிருந்து வழிந்தது என்கிற மாதிரி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. அதனால் என் முதல் தொடக்கம் அன்றைக்கே குப்பைக்குப் போனது:

(அவருடைய விரல்கள் பட்டதும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் —)

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

2

இரண்டாவது தொடக்கம். காலையில் அண்ணன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பியதும் வாசல் மணி அடிக்க ஆரம்பிக்கும். முன்னறையில் பாதியைப் பியானோ அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. மாணவர் பியானோவில் உட்காருவார், அண்ணி மேஜையில் உட்காருவார். அவர் வாசிக்க வாசிக்க, இவர் நாவல் எழுதுவார்.

பாடம் நடக்கும்போதா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் சுளித்தேன். ஆனால் காது அங்கேதான் இருக்கும். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நாலாவது விரல்" என்பார். வாசிக்கிறவர் பார்த்தால் மூன்றாவது விரலைத்தான் வைத்திருப்பார். அண்ணிக்கு வேறு நேரமும் கிடையாது. சமையலறையில் இசை எழுதுகிறார்*, முன்னறையில் நாவல் எழுதுகிறார்.

(* வெங்காயம் நறுக்கிக்கொண்டே. ஒரு பக்கம் தாளம் சரியாக வந்துவிட்டால் அன்றைக்கு வெங்காயம் ஒரே அளவில் இருக்கும் என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு.)

இதில் ஒரே ஒரு சிக்கல். வாசிக்கிறவரின் நடை அண்ணியின் வாக்கியத்துக்குள் புகுந்துவிடும். போட்டி போட்டுக்கொண்டு ஓடும் இரட்டைப் பெண்கள் வந்த நாளில், நாவலில் இரண்டு பேர் ஒரே பக்கத்தில் காதலித்து, கல்யாணம் பண்ணி, சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிட்டார்கள். தூங்கி வழியும் ஒரு கல்லூரிக்காரர் வந்த நாளில் ஒரு பாத்திரம் ஒரு கப் காபி குடிக்க மூன்று பக்கம் ஆனது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அண்ணன் கைப்பிரதியைப் படிப்பார். எந்த அத்தியாயம் யார் வாசித்தபோது எழுதியது என்று பட்டுப்பட்டென்று சொல்லிவிடுவார்.

அண்ணிக்கு இதில் வருத்தமே இல்லை. நாவலுக்குள் நாலு பேர் நடமாட வேண்டாமா என்பார்.

3

இப்போது பல் டாக்டர் வருகிறார்.

(என் முதல் பிரதியில் இவரை வங்கி மேனேஜராக மாற்றியிருந்தேன். ஊரையே வாயைத் திறக்க வைக்கிறவர் ஒரு பியானோவுக்குப் பயப்படுவார் என்றால் யார் நம்புவார்கள்? பல் டாக்டருக்கு என்ன குறைச்சல் என்று அண்ணி கேட்டார். மறுபடி பல் டாக்டராகவே ஆக்கிவிட்டேன்.)

டாக்டருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நீளமான, நிதானமான விரல்கள். அந்த விரல்களைப் பார்த்துத்தான் அண்ணி அவருக்கு ஒரு பக்க இசை எழுதினார். அதன் நடுவில் ஒரு இடம்: வலது கை வாசித்துக்கொண்டே இருக்க, இடது கை அதன் மேலாகத் தாண்டிப் போய், வலது கோடியில் ஒரே ஒரு கட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அந்த இடம் வரைக்கும் டாக்டர் அழகாக வருவார். வந்து, நின்று, பியானோவிடமே "சாரி" சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நாவலில் என்ன ஆகும்? கதாநாயகிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது. வாசல் வரை வந்தாள். குடையை மறந்துவிட்டு உள்ளே போனாள். மறுபடி வந்தாள். குழாயை மூடினோமா என்று பார்க்கப் போனாள். அடுத்த அத்தியாயத்தில் பூனையிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். இதுவரை அந்த வீட்டில் பூனையே இருந்ததில்லை. அண்ணி எவ்வளவு முயன்றாலும் அவள் கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

"இவ கிளம்புறாளா இல்லையா?" என்று அண்ணன் கேட்டார். "பஸ்ஸு இந்நேரம் போயே சேர்ந்திருக்கும்."

4

ஒரு நாள் டாக்டர் பாதியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் அரைப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது என்றார். மனைவி சமையலறையில் அரைப் பாட்டை முணுமுணுத்துவிட்டு, அவர் நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்துகிறாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது.

"வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு முழுசா வாசிச்சிடணும்னு ஆசைப்பட்டேன் டீச்சர். நமக்கு வராதுன்னு தோணுது. இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்."

அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் மேல் அவருக்குப் பிரியம். இத்தனை முறை தோற்றும் இத்தனை மரியாதையாக மறுபடி ஆரம்பிக்கிற ஒருவரை அவர் பார்த்ததில்லை. அந்த இடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் போகிறது, எழுதினது நீதானே என்றார் அண்ணன். நியாயம்தான். அண்ணி பென்சிலை எடுத்தார். அந்த ஒரு சுரத்தை அழித்து, பக்கத்திலேயே கைக்கெட்டும் கட்டையில் போட்டு, வாசித்துப் பார்த்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துவிடுவார். ஆனால் மற்ற சுரங்கள் எல்லாம் எதற்காக அங்கே இருந்தன என்பது தெரியாமல் போய்விட்டது. அழித்ததை மறுபடி எழுதினார்.

மாற்றினால் பாட்டு போகும். மாற்றாவிட்டால் மனிதர் போவார். கதாநாயகி எப்படியும் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருப்பாள்.

5

இந்த இடத்தில் நான் முடிவு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

முதல் முடிவு: டாக்டர் பிரமாதமாக வாசிக்கிறார், வாசலில் நின்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அண்ணி ஒரே கோடாக அடித்தார். அந்த அம்மா அழுகிற ரகம் இல்லையாம்.

இரண்டாவது முடிவு: டாக்டர் வருவதில்லை. காலி நாற்காலி. ஜன்னலில் மழை. அண்ணி அந்தப் பாட்டைத் தனியாக —

எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பரிசு வாங்கும் வாசனை அடித்தது. அண்ணன் படித்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் இப்படி?" என்று கேட்டார்.

நடந்தது வேறு. அடுத்த பாடத்துக்கு டாக்டர் வந்ததும் அண்ணி தாளின் கீழ்க்கோடியில் விரலை வைத்தார்.

"இன்னைக்கு முடிவுலேருந்து ஆரம்பிப்போம் டாக்டர்."

கடைசி வரியை முதலில். அது வந்ததும், அதற்கு முந்தின வரியோடு சேர்த்துக் கடைசி வரி. இப்படியே பின்னோக்கி, கை தாண்டி இறங்கும் இடம் வரைக்கும். தன் பாட்டு எப்படி முடியும் என்று டாக்டருக்கு அதுவரை தெரியவே தெரியாது. "இவ்வளவு நல்லா முடியுதா!" என்று கேட்டுவிட்டு, வெட்கப்பட்டுப் போனார். அன்றைக்கு அண்ணி வாசற்படி அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டு, கதாநாயகியைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து எழுதினார். பேனா நிற்கவே இல்லை.

நானும் அப்படியே செய்யப் போகிறேன். அடுத்து வருவது 7. அதன் பிறகு 6.

7

அந்த மாத முடிவில், கடைசிச் சுரம் அடங்கிய பிறகும் டாக்டர் கையை எடுக்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றார் அண்ணி.

"இப்ப என்ன பண்ணணும்?"

பாட்டை முடித்த பழக்கமே அவருக்கு இல்லை. அண்ணி தாளை மடித்து அவரிடம் நீட்டினார்.

"எழுந்து போகலாம் டாக்டர்."

அவர் எழுந்தார். தெருவில் இறங்கினார். ஜன்னல் வழியாக அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அளந்து நடக்கிற மனிதர், பின்னங்கழுத்து வரை சிரித்துக்கொண்டு, எதிரே வந்த யாருக்கோ காரணமில்லாமல் வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதத்துக்கு என்ன பாட்டு என்று கேட்கப் பாதி வழியில் திரும்பி வந்தார்.

6

அதற்குக் கொஞ்சம் முன்னால், அதே நாள். டாக்டர், மரத்துப்போக ஊசி போடாமல் பல் பிடுங்க வந்த நோயாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். முதல் வரியிலிருந்து வாசிக்கிறார். அண்ணியின் மேஜையில் கைப்பிரதி வாசற்படி அத்தியாயத்தில் திறந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எழுதிக்கொண்டே கேட்க முடியவில்லை.

இரண்டாவது வரி. மூன்றாவது. அந்த இடம் வருகிறது. வலது கை வாசித்துக்கொண்டே இருக்கிறது. இடது கை எழுகிறது. வலது கைக்கு மேலே இப்போது அந்தரத்தில் இருக்கிறது.

அது சரியான கட்டையில் இறங்கியதா, பக்கத்துக் கட்டையிலா? அண்ணியைக் கேட்டேன், சிரித்தார். பல் வலி என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடமே போய் உட்கார்ந்து கேட்டேன். வாயைத் திறக்கச் சொன்னார். அதன் பிறகு நான் எங்கே கேட்பது? கதாநாயகி வாசற்படியைத் தாண்டும் இடத்தை அண்ணி இன்னும் எழுதவில்லை. பக்கம் காலியாக இருக்கிறது, நாவல் அச்சுக்குப் போகும்போதும் காலியாகவே போகுமாம்.

ஆகவே கையை இறக்கி வைக்கும் வேலை உங்களுடையது. எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் இறக்குங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவர் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை.