வெள்ளைக் கட்டம்

பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவு அறையில் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரில் தாயின் பெயரை அடித்து முடித்ததும் எல்லோரும் டேப் கீயை இரண்டு தடவை அழுத்துவார்கள். ஒரு தடவை அழுத்தினால் கர்சர் காணாமல் போய்விடும். இன்னொரு தடவை அழுத்தினால்தான் குழந்தையின் எடைக்கான கட்டத்தில் வந்து நிற்கும். நடுவில் அது எங்கே போய்விட்டு வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. பிழைப்பைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா!

"அந்த நேரத்துல எதையாச்சும் அடிச்சா அப்படியே முழுங்கிடும்மா," என்றாள் பதிவு அக்கா. "போன வாரம் ஒரு புதுப் பொண்ணு பயந்து எந்திரிச்சே போயிட்டா. அதான் மேனேஜர், நடுவுல எது இருந்தாலும் தூக்கிடச் சொன்னார்."

அந்தக் கம்ப்யூட்டர் படிவத்தைச் சரிசெய்ய வந்தவள் சிரித்தாள். டேட்டாபேஸ் வேலையில் கைதேர்ந்தவள். எந்தக் கோளாறையும் பாதியில் விட்டுப் போனதில்லை. பேய், பிசாசெல்லாம் அவளிடம் பலிக்காது. ஆனாலும் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது வார்டு இருந்த பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளும் இங்கேதான் பெற்றாள். சுமந்தது இரண்டு, வீட்டுக்குக் கொண்டுபோனது ஒன்று. வயிற்றில் இருந்தபோதே பெரிசு, சிறுசு என்று இரண்டையும் தனக்குள் செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிறுசு போன அன்று, "பேர்கூட வைக்காத பிள்ளைக்கு எதுக்கும்மா இவ்ளோ அழுகை? இருக்கறதப் பாரு," என்று மாமியார் கண்ணைத் துடைத்துவிட்டார். நல்ல மனசோடு சொன்ன பேச்சுதான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இருக்கும் பையனை மட்டும் அவள் இன்றைக்கும் பெரிசு என்றுதான் கூப்பிடுகிறாள். "இருக்கறதே ஒண்ணு, அதுல என்னடி பெரிசு?" என்று தெரியாதவர்கள் கேலி செய்வார்கள். தூங்கும் பையனுக்குப் போர்வையை இழுத்துவிடும்போது அவள் கை இன்னொரு தலையைத் தேடும்.

படிவத்தை டிசைன் பக்கத்தில் திறந்தாள். பெயருக்கும் எடைக்கும் நடுவே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் இருந்தது. சுற்றியிருந்த கோட்டை யாரோ எடுத்திருந்தார்கள். பின்னணியும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை.

"இது என்னக்கா?"

"அட, அது இன்னுமா இருக்கு?" பதிவு அக்கா நாற்காலியோடு நகர்ந்து வந்தாள். "தங்காத குழந்தைங்க பேருக்குன்னு முன்னாடி ஒரு கட்டம் இருந்துச்சு. ஸ்கிரீனைப் பார்த்துட்டுத் தாய்மாருங்க அழறாங்கன்னு பெரிய டாக்டர் எடுக்கச் சொன்னார். அப்ப இருந்த கம்ப்யூட்டர்காரருக்கு மனசு வரல போல. வெள்ளையடிச்சு விட்டுட்டாரு."

அவள் எழுத்தைக் கறுப்பாக்கிவிட்டுப் பழைய பதிவுகளைப் புரட்டினாள். பெரும்பாலும் காலி. சிலவற்றில் தவறி விழுந்த எழுத்துகள். சிலவற்றில் பெயர்கள். அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே அவளுடைய பதிவைத் தேடின.

அந்தக் கட்டத்தில் 'சிறுசு' என்று இருந்தது.

பிரசவத்தன்று மயக்கம் முழுதாகத் தெளியாதபோது ஒரு நர்ஸ் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள், இவள் ஏதோ முனகினாள். கனவென்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த நர்ஸ் கேட்டதோடு விடாமல் எழுதியும் வைத்திருக்கிறாள். அப்படியென்றால் அது பேர் வைக்காத பிள்ளை இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டத்தைத் தூக்கினாலும் பெயர்கள் அழியாது. உள்ளே எங்கேயோ கிடக்கும். டேப் அங்கே நிற்காமல் தாண்டிப் போகும்படி செய்யவும் ஒரு சொடுக்கு போதும். ஆனால் அதன் பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் நடந்தது இங்கேயும் நடக்கும்.

எழுத்தை மறுபடியும் வெள்ளையாக்கிச் சேமித்தாள்.

"சரியாயிடுச்சாம்மா?"

"இல்லக்கா. அது இருக்கட்டும். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். எல்லாரும் ரெண்டு தடவையே அழுத்துங்க."

பதிவு அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

தனியானதும் அவள் தன் பெயரின் மேல் கர்சரை வைத்து டேப்பை ஒரு தடவை அழுத்தினாள். கர்சர் காணாமல் போனது.

"உங்க அண்ணன் நல்லாருக்கான்டா," என்றாள் மெதுவாக.