செனட்டர் இசாமுவின் கருத்துகளும் என் சந்தேகங்களும்

1.

"டீச்சர், என்னைப் பத்தி ஒரு புத்தகம் எழுதித் தரணும்."

"எனக்குக் காதல் கதைதான் எழுத வரும், இசாமு."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். ஜனங்க என்னைக் காதலிக்கணும்ல?"

"ஜெயிச்சு இன்னும் பதவிக் காலத்துல பாதிகூட முடியல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"சின்னப் புத்தகம்தான். பாதி உள்நாடு, பாதி வெளிநாடு. எல்லாம் என்னோட கருத்துகள்."

"சரி, உன் கருத்து என்ன, சொல்லு."

அவன் பச்சைப் பாக்கைப் பல்லால் பிளந்தான். உள்ளே சுண்ணாம்பைத் தூவினான், வெற்றிலையில் சுருட்டி வாயில் ஒதுக்கினான். அவ்வளவு நேரமும் யோசிப்பது போலவே இருந்தது.

"நீங்க எழுதுங்க டீச்சர். நான் படிச்சுப் பாத்துட்டு ஒத்துக்கறேன்."

இந்தக் கதை இப்படித்தான் பிறந்தது. கொரோரில் என் வீட்டு வாசலில், ஒரு மழை மதியத்தில், ஒரு செனட்டர் தன் கருத்துகளை என்னிடம் தேடிக்கொண்டு வந்தார். இசாமு ரெங்கீல் ஒரு காலத்தில் இங்குள்ள கல்லூரியில் என் மாணவன். இப்போது பசிபிக் கடலிலுள்ள இந்தப் பலாவு தீவு நாட்டின் செனட்டில் உட்கார்ந்திருக்கிறான். முதல் முறை.

புத்தகம் எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2.

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள் இவை. அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன்.

"செனட்டர் இசாமு ரெங்கீல் உறுதியான கொள்கை கொண்டவ—" [இல்லை.]

"கடலும் வானமும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய நாடு தன்—" [சுற்றுலாக் கையேடு போல இருக்கிறது.]

"அவன் யாரையோ ஏமாற்றிக்கொண்டிருந்தான்."

மூன்றாவதை மட்டும் என்னால் அடிக்க முடியவில்லை. என் கதைகளில் வழக்கமாக முதல் வரியில் ஒருத்தி ஈரத் தலையோடு ஜன்னலருகே நிற்பாள். இந்தக் கதையோ சந்தேகத்தோடு ஆரம்பித்தது. நானும் அதன் பின்னால் போனேன்.

விஷயம் இதுதான். இசாமுவின் ஊருக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது.* கிழக்கே உள்ள பெரிய நாடு அதன்மேல் ஒரு ராடார் கோபுரம் கட்டக் கேட்கிறது. மேற்கே உள்ள பெரிய நாட்டுக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் விமானம் நிறைய சுற்றுலாப் பயணிகளை அனுப்புவதாகச் சொல்கிறது. செனட்டில் ஒப்புதல் வாக்கெடுப்பு வியாழக்கிழமை. இரண்டு பக்கமும் சரிசமம். இசாமு எந்தப் பக்கம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அவனுக்கு வானொலியில் வாரம் ஒரு காலை நேரம் உண்டு. ஒரு வாரம் சொன்னான்: "கோபுரம் வந்தா நமக்குப் பாதுகாப்பு. நம்ம பசங்க வேலை தேடி குவாம் தீவுக்கு ஓட வேண்டாம், வேலை இங்கயே வரும்." அடுத்த வாரம் சொன்னான்: "பெரியவங்க ரெண்டு பேர் சண்டை போட்டா நாம ஏன் நடுவுல கம்பு நடணும்? போன யுத்தத்தோட துரு இன்னும் நம்ம காட்டுல கிடக்கு." இரண்டையும் ஒரே குரலில், ஒரே நம்பிக்கையோடு சொன்னான். உள்நாட்டுக் கொள்கையும் அப்படியே. ஒரு வாரம் ஓட்டல்கள் பெருக வேண்டும், மறு வாரம் பவளப்பாறைகள் மூச்சுவிட வேண்டும்.

நடுவில் ஒரு நாள் அவனைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் பார்த்தேன். கிழக்கு நாட்டுத் தூதரக அதிகாரியோடு சூரை மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சில நாள் கழித்து அதே மேசையில் மேற்கு நாட்டு ஓட்டல் முதலாளியோடு. இரண்டு முறையும் பில்லை அவன் தொடவில்லை.

* மேடு, கோபுரம், வாக்கெடுப்பு மூன்றும் என் கற்பனை. தீவுக்கு வந்து தேட வேண்டாம். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் அரசு எடுத்துக்கொண்டு திருப்பித் தராத நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அது அரசு நிலம். ஊர்ப் பேச்சில் இன்றும் அது இசாமுவின் அக்கா செவெராவின் வீட்டு நிலம்.

3.

செவெராவை இந்தக் கதைக்குள் கொண்டுவரத் தயங்கினேன். அவளை எனக்குப் புரியவில்லை. புரியாத பாத்திரங்களை நான் வழக்கமாகக் கல்யாணம் செய்துகொடுத்து வெளியூர் அனுப்பிவிடுவேன்.

அவளுடைய சேப்பங்கிழங்கு வயல் மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் அந்த வயலுக்கு. மேட்டை வெட்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரில் எல்லோரும் கோபுரத்தைப் பற்றிப் பேசினார்கள். அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"செவெரா, மேட்டைப் பத்தி நீ என்ன நினைக்கறே?"

"டீச்சர், உங்க பாவாடை நுனி நனைஞ்சிருக்கு."

"அதை விடு. தம்பி என்ன செய்யப் போறான்?"

"அவன் பெரிய மனுஷன். ரேடியோல சொல்றானே, கேக்கலையா?"

"ரெண்டு விதமா சொல்றான்."

"அப்ப ரெண்டு தடவை கேளுங்க."

இவளும் எதையோ மறைக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். குறிப்பில் இப்படி எழுதி வைத்தேன்: "செவெராவுக்குக் கோபுரம் வேண்டும். மகனுக்கு வேலை—" [அவளுக்கு மகனே கிடையாது. ஒரே மகள்தான். சந்தேகம் முற்றினால் இல்லாத பிள்ளைகளும் பிறந்துவிடுகிறார்கள்.]

4.

பொறுக்க முடியாமல் இசாமுவை வரச் சொன்னேன்.

"யார்கிட்ட வாங்கினே?"

"என்ன டீச்சர்?"

"நடிக்காதே. கிழக்கா, மேற்கா?"

அவன் டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கல்லூரியில் தேர்வு மதிப்பெண் கேட்க வரும்போது இருந்த அதே முகம்தான் இப்போதும் இருந்தது.

"வாங்கியிருந்தா ஒரே பக்கமா பேசியிருக்க மாட்டேனா? காசு குடுத்தவன் சும்மா விடுவானா?"

அதில் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்களை நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சந்தேகிப்பேன்.

"அப்ப ஏன் இந்த ஆட்டம்?"

பிறகுதான் சொன்னான். இங்கே வழக்கம் தெரிந்ததுதான். ஒரு ஆண் எந்தப் பொறுப்புக்குப் போவதானாலும் முதலில் அக்காவின் வீட்டுக்குப் போக வேண்டும். உட்கார வேண்டும். அவள் பேசும்வரை காத்திருக்க வேண்டும். எழுந்து நின்று சபையில் பேசுவது ஆண்கள்தான். என்ன பேசுவது என்பதை வீட்டுப் பெண்கள் முன்னாலேயே காதோடு சொல்லியிருப்பார்கள். இசாமு தேர்தலுக்கு முன் வானொலி நிலையத்துக்குப் போனது சாலைக் குழிகளைப் பற்றிப் பேச. அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு கோபம் இருக்கே, நீங்களே செனட்டுக்கு நிக்கலாமே?" என்றார். இவனும் சிரித்துக்கொண்டே, "ஏன், நிக்கறேன்," என்றான்.

"காரை விரட்டிக்கிட்டு ஓடினேன் டீச்சர். அக்கா சமையல்கட்டுல இருந்தா. ரேடியோ ஓடிட்டிருந்தது."

"என்ன சொன்னா?"

"'சாப்பிடு'ன்னா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அதுக்கப்புறம் அரசியல் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. சனிக்கிழமை ஆனா மகள்கிட்ட வேகவச்ச கிழங்கும் மீனும் குடுத்தனுப்பறா. நான் ரேடியோல ஒரு வாரம் வேணும்னு சொல்லிப் பாத்தேன், ஒரு வாரம் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். ரெண்டு வாரமும் அதே கிழங்கு, அதே மீன். உப்புகூட மாறல!"

ஆக, ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை ஒவ்வொரு வாரமும் ஒரு சமையல்கட்டை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய நாடுகளும் அதில் தங்களுக்கான சைகையைத் தேடி, சூரை மீனுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தன.

(நம்பினேனா? பாதி. ஓட்டல் மேசை கண்ணிலிருந்து போகவில்லை. நல்ல பொய்யர்களுக்கு அக்காக்கள் உண்டு. உங்களுக்கும் அவன்மேல் சந்தேகம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை என்னுடையதை முழுசாகக் கைவிடவில்லை.)

"நேரா போய்க் கேளேன்."

"எப்படி? கேக்காம நின்னுட்டு, இப்ப மட்டும் கேக்கறியான்னு கேட்டா?"

5.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது, என் வழக்கமான வாசகிகளுக்கு. இசாமு கோபுரத்துக்கு எதிராக வாக்களிக்கிறான். மாலையில் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள், கண் கலங்குகிறது. [இந்த முடிவை ஏற்கெனவே பல நாவல்களில் விற்றுவிட்டேன்.]

இரண்டாவதில் ஆதரித்து வாக்களிக்கிறான். கோபுரம் எழுகிறது. கீழே கிழங்கு இலைகள் மஞ்சளாகின்றன. அவன் காரில் அந்த வழியே போகும்போது கண்ணாடியை ஏற்றிக்கொள்— [வேண்டாம். தண்டனை கொடுக்க நான் யார்?]

மூன்றாவதில் வியாழக்கிழமை காலை அவனுக்குக் காய்ச்சல். அரசியல்வாதிகளுக்கு வேண்டிய நாளில் காய்ச்சல் வரும். நம்பகத்தன்மை மிக அதிகம் இதற்குத்தான்.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் செவெரா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கதவைத் திறக்கிறாள், இலைகளைப் பார்க்கிறாள், கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். அவள் தம்பியிடம் எதை எதிர்பார்க்கிறாள் என்று எங்குமே எழுதவில்லை. அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று இத்தனை பக்கம் துருவிய நான், அந்த மேட்டைத் தாண்டியும் அவளுக்கு ஒரு ஆசை இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் என் சந்தேகத்தின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

6.

இனி வருவது நடந்தது. அதாவது, கதைக்குள் நடந்தது. இசாமு கடைசியில் என்ன பதில் சொன்னான், வியாழக்கிழமை எப்படி வாக்களித்தான் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவனை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள். என்னைவிடக் குறைவாகச் சந்தேகப்படுகிறவர்கள் யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

புதன்கிழமை காலை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டான். "நீங்க இருந்தா ரொம்பத் திட்ட மாட்டா, டீச்சர்."

கிழங்கு வயலில் ஆண்கள் இறங்குவதில்லை. அவன் செனட்டுக்குப் போட்டுப்போகும் பளபளக்கும் ஷூக்களோடு வரப்பில் நின்றான். செவெரா முழங்கால்வரை சேற்றில் குனிந்திருந்தாள். பக்கத்துப் பாத்திகளில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். இவனைப் பார்த்ததும் ஒருத்தி கத்தினாள்:

"பாத்து, செனட்டர்! வழுக்கி விழுந்தா எந்த நாட்டுக்காரன் தூக்குவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். செவெரா சிரிக்கவில்லை. நிமிரவும் இல்லை.

"அக்கா."

"ம்."

"இல்ல, நாளைக்கு வாக்கெடுப்பு. கிழக்குக்காரங்க என்ன சொல்றாங்கன்னா, இந்தப் பகுதியோட பாதுகாப்பு..."

"கேட்டேன். ரேடியோல."

"மேற்குக்காரங்க பக்கம் பாத்தா, சுற்றுலா..."

"அதையும் கேட்டேன். அந்த வாரம் இருமிட்டிருந்தே. மருந்து சாப்பிட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மேட்டைப் பார்த்தேன். பிறகு அவன் செய்ததை எந்த வரைவிலும் நான் எழுதியிருக்கவில்லை. வரப்பிலேயே, நல்ல கால்சட்டையோடு, சேற்றில் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். காத்திருந்தான்.

செவெரா இன்னும் இரண்டு கிழங்கைப் பிடுங்கினாள். வேரை அறுத்தாள். இலைத்தண்டைத் திரும்ப நட்டாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேட்டைப் பத்திக் கேக்கத்தானே வந்தே?"

"ஆமா."

"வேண்டாம்னு போடு. தண்ணி போயிடும். இதுக்கு இவ்வளவு நாளா?"

"நீ சொல்லலையே, அக்கா! நான் முதல்ல உன்கிட்ட வரல, அந்தக் கோபம்..."

"கோபம்னு யார் சொன்னா?"

"பின்ன?"

அவள் கையிலிருந்த சேற்றை வழித்து உதறினாள். பக்கத்துப் பெண்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். காதோடு சொல்ல வேண்டியதென்றால் அவள் வரப்பருகே நடந்து வந்திருக்கலாம், பத்தடிகூட இல்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மேட்டு விஷயம், அது அக்கா சொல்றது. நீ கேட்டுத்தான் ஆகணும். இது வேற. இதை நான் கேக்கறேன், நீ முடியாதுன்னும் சொல்லலாம். ரேடியோல உன் குரல் வந்த அன்னிக்கு, நீ வீட்டுக்கு வந்தா உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு நான் ஒண்ணு வச்சிருந்தேன். நீ முந்திக்கிட்டே. தம்பி நிக்கறப்ப நான் என்னத்தைச் சொல்ல? கிழங்கு அனுப்பினேன்."

"என்ன அக்கா? என்ன வச்சிருந்தே?"

அவள் குரல் எல்லாப் பாத்திகளுக்கும் கேட்டது.

"அடுத்த தடவை நீ நிக்காதே, இசாமு. அந்த இடத்தை எனக்கு விட்டுக் குடு. எழுந்து நின்னு நானே பேசணும்."